நீக்கினால் யாருக்கு நஷ்டம்? வெஸ்ட் இண்டீஸ் வாரியமும் லீக் வீரர்களும்

2010 நவம்பரில் காலேயில் இலங்கைக்கு எதிரான டெஸ்டில் கிறிஸ் கெயில் 333 ரன் அடித்தார். டெஸ்டில் இரண்டு முறை முந்நூறைத் தாண்டியவர்கள் அதற்கு முன் பிராட்மன், லாரா, சேவாக் மூன்று பேர்தான். அந்த ஆட்டத்தில் கெயில் கேப்டன் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பு வெஸ்ட் இண்டீஸ் வாரியம் நீட்டிய ஆண்டு ஒப்பந்தத்தை அவர் மறுத்துவிட்டார், கேப்டன் பதவி டேரன் சமிக்குப் போனது. அதே ஒப்பந்தத்தை டுவைன் பிராவோவும் கீரன் பொல்லார்டும் மறுத்திருந்தார்கள்.

அந்தக் காலே டெஸ்டில்தான் 22 வயது ஆந்த்ரே ரஸல் அறிமுகமானார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். அதே தொடரில் பல்லேகலேயில் நடந்த மூன்றாவது ஆட்டம், பிராவோவின் நாற்பதாவது டெஸ்ட், கடைசி டெஸ்டும் கூட. பொல்லார்டு கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. முச்சதம் அடித்த கெயில் அந்தத் தொடருக்குப் பிறகு மீண்டும் வெள்ளை உடையில் இறங்கியது 2012 ஜூலையில்.

சென்னை ரசிகர்களுக்கு பிராவோ நம்ம வீட்டுப் பிள்ளை. பெங்களூருக்கு கெயில், மும்பைக்கு பொல்லார்டு, கொல்கத்தாவுக்கு ரஸலும் சுனில் நரைனும். இவர்களை எல்லாம் "பணத்துக்காக நாட்டை விட்டவர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். கரீபியனிலேயே அப்படிச் சொல்பவர்கள் நிறைய. ஆனால் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்றுதான் தெரிகிறது. வாரியத்தின் கையில் பணம் இல்லை, வீரர்களின் நம்பிக்கையும் இல்லை. இருந்த ஒரே ஆயுதம் அணியிலிருந்து நீக்குவது. ஐபிஎல் மாதிரி டி20 லீக்குகள் வந்த பிறகு அந்த ஆயுதத்துக்குக் கூர் போய்விட்டது. அதை உணராமல் பத்து வருடத்துக்கும் மேல் வாரியம் அதையே வீசிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது. பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட் டொபாகோ, லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள் என ஆறு பிராந்திய வாரியங்களின் கூட்டுதான் மத்திய வாரியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டு. தலைவராக வேண்டுமானால் இந்தப் பன்னிரண்டு ஓட்டுகளில் பெரும்பான்மை கிடைத்தால் போதும், வீரர்களின் ஆதரவு இருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மொத்த மக்கள்தொகையும் சந்தையும் சிறியவை. கரீபியன் வீரனுக்கு நல்ல சம்பளம் என்றால் அது எப்போதுமே கடல் தாண்டித்தான் இருந்திருக்கிறது.

ஐபிஎல் காலத்துப் பிரச்சினை என்று நாம் நினைப்பது 1933லேயே நடந்திருக்கிறது. லியரி கான்ஸ்டன்டைன் அப்போது இங்கிலாந்தில் லங்காஷையர் லீக்கில் நெல்சன் கிளப்பின் சம்பள வீரர். அந்த வருடம் வெஸ்ட் இண்டீஸ் அணி இங்கிலாந்துக்கு வந்தபோது, நெல்சன் அவரை விடுவித்தது ஒரே ஒரு டெஸ்டுக்கு, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில். அணியின் மிகப் பெரிய ஈர்ப்பான வீரர் அதே நாட்டில்தான் இருக்கிறார், ஆனால் சம்பளம் கொடுக்கும் கிளப் விட்டால்தான் தன் அணிக்கு ஆட முடியும். அதன்பின் ஜார்ஜ் ஹெட்லியும் லங்காஷையருக்குப் போனார். அறுபது, எழுபது, எண்பதுகளின் பெரிய பெயர்கள் எல்லாம் இங்கிலாந்துக் கவுண்டிகளில் சம்பாதித்தார்கள். அதில் பெரிய மோதல் வரவில்லை, காரணம் நாட்காட்டி. இங்கிலாந்தின் கோடையில் கரீபியனில் கிரிக்கெட் சீசன் இல்லை.

பெரிய மோதல் கெரி பேக்கரோடு வந்தது. 1977ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி பேக்கர் தனியாகப் போட்டி நடத்த ஆரம்பித்தபோது கிளைவ் லாயிட் தலைமையில் வெஸ்ட் இண்டீஸின் முதல்தர வீரர்கள் பெரும்பாலும் அவரோடு சேர்ந்தார்கள். வாரியம் முதலில் அவர்களைத் தொடர்ந்து ஆட வைத்தது. 1978ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் நடுவே, கயானா டெஸ்டுக்கு முன், டெரிக் மரே, டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ், ரிச்சர்ட் ஆஸ்டின் ஆகிய பேக்கர் வீரர்கள் நீக்கப்பட்டார்கள். லாயிட் உடனே கேப்டன் பதவியை விட்டார். மற்ற பேக்கர் வீரர்களும் விலகினார்கள். கல்லிச்சரண் தலைமையில் வேறு அணி இறங்கியது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பேக்கரும் ஆஸ்திரேலிய வாரியமும் 1979ல் சமாதானம் ஆனார்கள். வெஸ்ட் இண்டீஸ் வாரியம் பழியை மனதில் வைக்கவில்லை, லாயிடைத் திரும்பவும் கேப்டனாக ஏற்றது. பேக்கர் முகாமில் வீரர்களை வாட்டி எடுத்த உடற்பயிற்சியாளர் டென்னிஸ் வெய்ட்டையும் அணியோடு சேர்த்துக்கொண்டது. 1980லிருந்து 1995 வரை அந்த அணி ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை. வெளியே போய் முழுநேரத் தொழில்முறை வீரர்களாகத் திரும்பியவர்களை அணைத்துக்கொண்டதால் கிடைத்த பலனில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அணி தோற்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. 1998ல் தென்னாப்பிரிக்கா போகவேண்டிய லாராவும் ஹூப்பரும் சம்பளப் பிரச்சினையில் லண்டன் விமான நிலைய ஹோட்டலில் உட்கார்ந்துவிட்டார்கள். இருவரையும் பதவியிலிருந்து நீக்கிய வாரியம், சில நாட்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரில் 5-0 தோல்வி. 2005ல் விளம்பரதாரர் தகராறு: வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டது தொலைபேசி நிறுவனம் டிஜிசெல், சில வீரர்களோடு தனி ஒப்பந்தம் வைத்திருந்தது அதன் போட்டி நிறுவனம். லாரா உள்படப் பலர் இல்லாமல் சந்தர்பால் கேப்டனாகி அந்த முதல் ஆட்டத்திலேயே இரட்டைச் சதம் போட்டார். 2009 ஜூலையில் முழு அணியுமே வேலைநிறுத்தம். ஃபிளாய்ட் ரீஃபர் தலைமையில் இறங்கிய மாற்று அணியை வங்கதேசம் 2-0 என்று ஜெயித்தது, அவர்களுக்கு வெளிநாட்டில் அதுவே முதல் டெஸ்ட் தொடர் வெற்றி.

ஆக, ஐபிஎல் வரும்போதே வீட்டுக்குள் சண்டை இருந்தது. அதற்கு நடுவில் ஆலன் ஸ்டான்ஃபோர்டு வேறு. ஆன்டிகுவாவில் வங்கி நடத்திய அமெரிக்கர். 2008 நவம்பர் 1 அன்று 2 கோடி டாலருக்கு ஒரே ஒரு ஆட்டம் நடத்தினார். கெயில் தலைமையிலான அணி இங்கிலாந்தை 10 விக்கெட்டில் வென்றது, களமிறங்கிய பதினோரு பேருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர். சில மாதங்களில் ஸ்டான்ஃபோர்டின் மோசடி அம்பலமாகி, பின்னர் அவருக்கு 110 வருடச் சிறை. பணம் வந்த வழி பொய்தான். ஆனாலும் ஒரு மாலை நேர ஆட்டத்துக்குத் தன் மதிப்பு என்ன என்பதை கரீபியன் வீரன் முதல் தடவையாக டாலரில் பார்த்துவிட்டான். அதற்கு அப்புறம் வாரியத்தின் பழைய சம்பளப் பட்டியலைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை.

இந்த இடத்தில் நாட்காட்டிக்கு வரவேண்டும், முழுச் சிக்கலின் வேர் அங்கேதான். ஐபிஎல் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் சீசன் அதற்குள் முடிந்துவிடும், இங்கிலாந்தின் கோடை அப்போதுதான் தொடங்கும். கரீபியனில் மழைக்கு முந்தைய அந்த மாதங்கள்தான் காலங்காலமாக உள்ளூர் டெஸ்ட் சீசன். அதாவது ஐபிஎல் வேறு எந்தப் பெரிய அணியையும் விட வெஸ்ட் இண்டீஸின் சொந்த மண்ணில் நடக்கும் ஆட்டங்களைத்தான் அதிகம் சாப்பிட்டது.

2009 மே மாத லார்ட்ஸ் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் கெயில் ஐபிஎல்லிலிருந்து இரண்டு நாள் முன்புதான் வந்து சேர்ந்தார், அணி மூன்றே நாளில் தோற்றது, அவரைத் திட்டாதவர்கள் இல்லை. அந்தத் தொடர் எப்படி வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த மே மாதம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியது இலங்கை. இலங்கை வீரர்கள் ஐபிஎல் ஒப்பந்தங்களால் வரமுடியாது என்றதும், காலியான இடத்தை வருமானத்துக்காக வெஸ்ட் இண்டீஸ் வாரியம் எடுத்துக்கொண்டது. ஐபிஎல் நேரத்தில் கிடைத்த பணத்துக்காகப் பயணம் ஒப்புக்கொண்ட வாரியம், ஐபிஎல் பணத்துக்காகத் தாமதமான கேப்டனைக் குற்றம் சொன்னது. இரண்டு தரப்பும் ஒரே காரணத்துக்காகத்தான் நடந்துகொண்டார்கள். கெயில் அப்போது டெஸ்ட் கிரிக்கெட் அழிந்தால் எனக்கு வருத்தமில்லை என்கிற மாதிரிப் பேசியது தவறு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் நூறு டெஸ்டுக்கு மேல் ஆடியவரும் அவர்தான்.

2011ல் ஆயுதம் முறிந்தது. உலகக் கோப்பை முடிந்ததும் பாகிஸ்தானுக்கு எதிரான சொந்த மண் தொடரின் ஆரம்ப ஆட்டங்களுக்கு கெயில் அணியில் இல்லை. ஜமைக்கா வானொலி ஒன்றில் அவர் வாரியத்தையும் பயிற்சியாளர் ஓட்டிஸ் கிப்சனையும் கடுமையாக விமர்சித்தார். ஜனவரி ஏலத்தில் அவரை யாருமே வாங்கியிருக்கவில்லை. காயமடைந்த டிர்க் நேன்ஸுக்குப் பதிலாக பெங்களூரு அழைத்தது. முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவில் ஆட்டமிழக்காமல் 102. மொத்தம் 608 ரன், அதிக ரன்னுக்கான அந்த வருடத்தின் ஆரஞ்சு தொப்பி. சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப்போட்டியில் அஸ்வின் முதல் ஓவரிலேயே அவரை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உலகமே கெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆறு வாரமும் அவருடைய சொந்த வாரியம் பேசியதைத் திரும்பப் பெறு என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பெறவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர் அணிக்கு வெளியே. கடைசியில் செயின்ட் வின்சென்ட் பிரதமர் ரால்ஃப் கொன்சால்வெஸ் போன்றவர்கள் நடுவில் புகுந்து பேசவேண்டி வந்தது. 2012 ஜூலையில் ஆன்டிகுவாவில் திரும்ப வந்த டெஸ்டில் கெயில் 150 அடித்தார். அக்டோபரில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் 75 நாட் அவுட், இறுதியில் இலங்கையை வீழ்த்தி டி20 உலகக் கோப்பை. தண்டனைக் காலத்தில் யார் எதை இழந்தார்கள் என்று இதிலிருந்தே தெரிகிறது.

நரைன் விஷயம் சிறியது, ஆனால் அதுவும் இதே மாதிரி. 2014 ஜூன் 1 அன்று பெங்களூரில் ஐபிஎல் இறுதிப்போட்டி, நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடருக்கான முகாமில் சேரவேண்டிய கெடுவும் அப்போதுதான். இறுதியில் ஆட இருந்துவிட்டார், டெஸ்ட் அணியில் இடம் போனது. ஒரு சுழல் மேதையை ஒரு நாள் கணக்கில் விட்டார்கள். வாரியம் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நரைனின் டெஸ்ட் கணக்கு ஆறோடு நின்றுபோனது.

அதே வருடம் அக்டோபரில் இந்தியாவில் நடந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய காயம். வீரர் சங்கத் தலைவர் வேவல் ஹைண்ட்ஸ் வாரியத்தோடு புது ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தார். பிராவோ தலைமையில் இந்தியா வந்திருந்த அணிக்கு அதன் விவரம் தெரிந்தபோது, தங்களுக்கு வரவேண்டியதில் பெரும்பகுதி போய்விட்டது, எங்களைக் கேட்கவே இல்லை என்று கொதித்தார்கள். கொச்சியில் முதல் ஆட்டமே நடக்குமா என்ற சந்தேகம். தரம்சாலாவில் நான்காவது ஒருநாள் ஆட்டத்தோடு அணி நாடு திரும்பியது. இந்திய வாரியம் கிட்டத்தட்ட 4.2 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டது.

வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பணத்தை எடுத்து உள்நாட்டில் ஆறு அணிகளுக்குத் தலா 15 பேர், மொத்தம் 90 வீரர்களுக்கு வருடச் சம்பளம் கொடுக்கும் திட்டம் அது. நட்சத்திரங்கள் லீக்கில் சம்பாதிக்கட்டும், கீழே இருப்பவனுக்கும் வயிறு இருக்கிறது என்பது தப்பான எண்ணம் இல்லை. யாருடைய பையிலிருந்து எடுக்கிறோமோ அவரிடம் முன்பே உட்கார்ந்து பேசாததுதான் தப்பு.

அதற்குப் பிறகான தண்டனை அதைவிடத் தப்பு. பிராவோவும் பொல்லார்டும் 2015 உலகக் கோப்பை அணியில் இல்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் கேப்டன். அப்போது தேர்வுக்குழுத் தலைவர் யார் தெரியுமா? கிளைவ் லாயிட். 1978ல் மூன்று வீரர்கள் நீக்கப்பட்டதற்காகப் பதவியையே தூக்கி எறிந்த அதே லாயிட். பழிவாங்கல் இல்லை, எதிர்காலத்தைப் பார்த்து எடுத்த முடிவு என்று அவர் சொன்னார். அவரை நான் பெரிதும் மதிக்கிறேன், அந்த விளக்கத்தை மட்டும் ஏற்கமுடியவில்லை. சில மாதம் கழித்து இலங்கைப் பயணத்துக்கும் இருவரும் இல்லை என்றானபோது, தேர்வில் வெளியிலிருந்து தலையீடு இருக்கிறது என்று பயிற்சியாளர் ஃபில் சிமன்ஸே வெளிப்படையாகச் சொன்னார். அவரையும் இடைநீக்கம் செய்தார்கள். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு நியமித்த ஆய்வுக்குழு, அந்த வருடமே வாரியத்தைக் கலைத்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. வாரியம் அசையவில்லை.

2016 ஏப்ரல் 3, ஈடன் கார்டன்ஸ், டி20 உலகக் கோப்பை இறுதி. கார்லோஸ் பிராத்வெய்ட் கடைசி ஓவரில் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸை நான்கு சிக்ஸர் அடித்துக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். பரிசளிப்பில் சமி பேசியதைத் திரும்பக் கேட்டால் இன்றும் தொண்டை அடைக்கிறது. எங்கள் வாரியமே எங்களை மதிக்கவில்லை, சீருடைகூடச் சரியாக இல்லாமல் வந்தோம், கிரெனடா பிரதமர் வாழ்த்து அனுப்பினார், வாரியத்திடமிருந்து இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை என்றார். தொடருக்கு முன்பே சம்பள விஷயத்தில் வாரியத்தோடு கடிதச் சண்டை நடந்திருந்தது. அந்த ஆகஸ்டில் சமியின் கேப்டன் பதவி ஒரு சின்னத் தொலைபேசி அழைப்பில் போனது, அணியில் இடமும் போனது. இரண்டு உலகக் கோப்பை வென்றவருக்கு இதுதான் மரியாதை.

வீரர்களிடமும் குறை உண்டு. 2018 மார்ச்சில் ஜிம்பாப்வேயில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று நடந்தபோது நரைன், ரஸல், பொல்லார்டு ஆகியோர் பாகிஸ்தான் சூப்பர் லீக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கெயிலும் சாமுவேல்ஸும் ஜிம்பாப்வே போனார்கள். ஸ்காட்லாந்தை மழை விதியில் 5 ரன்னில் வென்று தப்பித்தது அணி. ஒருவேளை தோற்றிருந்தால்? 2023ல் அதுவும் நடந்துவிட்டது. ஜிம்பாப்வே, நெதர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றிடமும் தோற்று, 1975, 1979 என முதல் இரண்டு கோப்பைகளை வென்ற அணி ஒருநாள் உலகக் கோப்பைக்கே வரவில்லை.

சரி, வாரியம் பேசாமல் கூடுதல் சம்பளம் கொடுக்கலாமே? கொடுக்கப் பணம் எங்கே. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) வருமானத்தில் 2024-27 சுற்றில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம், வெஸ்ட் இண்டீஸுக்கு சுமார் 4.6. இருதரப்புத் தொடர்களின் ஒளிபரப்புப் பணம் முழுவதும் நடத்தும் நாட்டுக்கே போகும். சில மாதங்களில் ஆஸ்திரேலியாவுக்கு அணிகளை அனுப்ப 20 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தோம், ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை என்று அப்போதைய தலைமை நிர்வாகி ஜானி கிரேவ் 2024 ஜனவரியில் புலம்பினார். இன்னொரு பக்கம் நிக்கோலஸ் பூரனை ஐபிஎல்லின் லக்னோ அணி 2025க்குத் தக்கவைத்த விலை 21 கோடி ரூபாய். எந்தத் தீவு வாரியம் இதோடு போட்டி போடும்?

இதைவிடப் பெரிய மாற்றம் முதலாளிகள் விஷயத்தில். கொல்கத்தா நைட் ரைடர்ஸின் உரிமையாளர்களுக்கே டிரினிடாட், அபுதாபி, லாஸ் ஏஞ்சலஸ் அணிகளும் சொந்தம். மும்பை இந்தியன்ஸுக்கு நியூயார்க், கேப் டவுன், எமிரேட்ஸ். நரைனும் ரஸலும் வருடம் முழுவதும் நைட் ரைடர்ஸ் ஊழியர்கள் மாதிரிதான். முன்பு ஏப்ரல், மே மட்டும் சிக்கல். இப்போது டிசம்பர், ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏ20, எமிரேட்ஸின் ஐஎல்டி20, ஜூன், ஜூலையில் அமெரிக்க லீக். கரீபியன் பிரீமியர் லீக்கிலேயே பல அணிகள் இந்திய உரிமையாளர்கள் கையில்.

2023 டிசம்பரில் ஹோல்டர், பூரன், கைல் மேயர்ஸ் மூவரும் ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். ஹோல்டர் என்றதும்தான் எனக்கு அதிர்ச்சி. டெஸ்டை உயிராக நினைத்தவர், உலகின் முதல் நிலை டெஸ்ட் ஆல்ரவுண்டராக இருந்தவர். அவரும் 2024 ஜனவரி ஆஸ்திரேலியப் பயணத்தை விட்டு லீக்குக்குப் போனார். இந்தத் தடவை வாரியம் கதவைச் சாத்தவில்லை, அதே வருடம் இங்கிலாந்து தொடரில் அவர் டெஸ்ட் ஆடினார். பாடம் கொஞ்சம் தாமதமாக ஏறியிருக்கிறது.

அவர்கள் போகாத ஆஸ்திரேலியாவுக்கு ஏழு புதுமுகங்களோடு போன அணிதான் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் 8 ரன்னில் ஜெயித்தது, கால் விரலில் அடிபட்ட ஷமார் ஜோசப் 68 ரன்னுக்கு 7 விக்கெட். கயானாவில் படகில் மட்டுமே போகமுடிகிற பரகாரா கிராமத்துப் பையன், சில காலம் முன்புவரை பாதுகாவலர் வேலை பார்த்தவர். 1997க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி. வர்ணனை அறையில் லாரா அழுதார். வாரியம் உடனே ஷமாரின் ஒப்பந்தத்தை உயர்த்தியது, லக்னோ 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. இரண்டுமே நடந்தது நல்லது. வாரியத்தின் சம்பளம் மட்டும்தான் அவருக்கு வழி என்றிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன்.

2025 ஜூனில் பூரன் 29 வயதில் சர்வதேச கிரிக்கெட்டை விட்டார், சில நாளில் நியூயார்க் அணிக்குக் கேப்டன். ஜூலையில் ரஸல் விடைபெற்றார். அதே மாதம் சபைனா பார்க்கில் ஆஸ்திரேலியாவிடம் டெஸ்ட் அணி 27க்கு ஆல் அவுட். வாரியம் அவசரமாக லாயிட், ரிச்சர்ட்ஸ், லாராவை அழைத்துக் கூட்டம் போட்டது. பயிற்சியாளர் நாற்காலியில் இருப்பவர் சமி, லீக் வீரனின் மனது தெரிந்தவர். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான 2024 மே தொடரில் ஐபிஎல்லில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களை வைத்து ஆடினார்கள். பத்து வருடத்துக்கு முன் அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும்.

ஆனால் சமியின் பக்குவத்தால் மட்டும் இது தீராது. உலகக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் 2025 மார்ச்சில் ஒரு யோசனை வைத்தது: வருடத்தில் நான்கு முறை, தலா 21 நாள், எந்த லீக்கும் நடக்காமல் சர்வதேச ஆட்டங்களுக்கு மட்டும் ஒதுக்குவது. அதோடு ஐசிசி பணத்தில் எந்த நாட்டின் பங்கும் 10 சதவீதத்தைத் தாண்டாமல், முக்கிய நாடுகள் எதுவும் 2 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. முதல் பாதி நடந்தால் கரீபியன் ரசிகன் தன் முழு அணியையும் சொந்த மண்ணில் மூன்று வாரமாவது பார்ப்பான். இரண்டாவது பாதிக்கு 38.5 சதவீதம் வாங்குபவர் சம்மதிக்கவேண்டும். அந்தக் கேள்வி பிரிட்ஜ்டவுனிலோ கிங்ஸ்டனிலோ கேட்கவேண்டியதில்லை. இந்திய வாரியம் இருக்கும் மும்பையிலும் ஐசிசி இருக்கும் துபாயிலும் கேட்கவேண்டியது, அதைக் கேட்கும் உரிமை பிராவோவுக்கு விசிலடித்த நமக்கும் உண்டு.